சட்டைக்கு விலாசம் இருக்கு; தைத்த கைக்கு?

இரட்டைக் குவளையைக் கண்டுபிடிக்க நமக்குத் தெரியும். எந்த ஊர் டீக்கடையில் தனிக் குவளை, எந்தக் கோயிலில் நுழைவு மறுப்பு, எந்த ஊராட்சியில் தலைவருக்கு நாற்காலி இல்லை என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறோம். அதற்காக அடிபட்டிருக்கிறோம், வழக்கு வாங்கியிருக்கிறோம். ஆனால் நம்ம சனங்களின் பெண்பிள்ளைகள் விடியற்காலையில் வேன் ஏறிப் போகிற பனியன் கம்பெனிக்குள்ளும் நூல் மில்லுக்குள்ளும் சாதி எந்த வடிவத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று எழுதி வைக்கிற பழக்கம் நமக்குப் போதுமான அளவு வரவில்லை. 'அது தொழிற்சங்கத்து விஷயம்' என்று ஒதுக்கிவிடுகிறோம். தொழிற்சங்கத்துக்காரர்களைக் கேட்டால் 'சாதி, அது உங்க விஷயம்' என்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பவள் அந்தப் பெண்.

இந்தப் பேச்சைத் தொடங்க ஒரு சின்னப் பொருளைக் கையில் எடுத்துக்கொள்வோம். சட்டைக் காலரில் தொங்குகிற அட்டை.

பெரிய துணிக்கடையில் அந்த அட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். விலை, அளவு, கறுப்புக் கோடுகள் எல்லாம் வெளியே தெரியும். உள்ளே வெள்ளிக் கம்பியில் கோலம் போட்ட மாதிரி ஏதாவது தெரிந்தால் அதுதான் ஆர்எஃப்ஐடி டேக். மெல்லிய அலுமினியத் தகட்டில் ஒரு ஆன்டெனா, அதன் நடுவில் கடுகைவிடச் சிறிய ஒரு சிப். பாட்டரி கிடையாது. படிக்கிற கருவி வீசும் ரேடியோ அலையிலேயே அதற்கு உயிர் வருகிறது. தன் எண்ணைத் திருப்பிச் சொல்லிவிட்டு அடங்கிவிடுகிறது. கார், லாரிக் கண்ணாடியில் ஒட்டுகிற ஃபாஸ்டேக் இதே வேலையைத்தான் செய்கிறது. 2021 பிப்ரவரியிலிருந்து சுங்கச்சாவடிகளில் அது கட்டாயம் என்பதால் இந்தத் தொழில்நுட்பத்தைப் பார்க்காதவர் இன்று யாரும் இல்லை.

பார்கோடுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ட்ராய் என்ற ஊரில், ஒரு கடையில் சூயிங்கம் பொட்டலத்தின் மீது முதன்முதலாக அந்தக் கோடு படிக்கப்பட்டது. கடையில் நாம் பார்க்கிற கோடு 'இது இன்ன கம்பெனியின் இன்ன சரக்கு' என்பதை மட்டும் சொல்லும். ஒரே மாதிரி நூறு சட்டை இருந்தால் நூறுக்கும் ஒரே கோடு. டேக் அப்படி இல்லை. ஒவ்வொரு சட்டைக்கும் தனி எண். அதுவும் பெட்டியைப் பிரிக்காமல், துணியைத் தொடாமல், சில மீட்டர் தூரத்திலிருந்தே நூற்றுக்கணக்கான சட்டைகளைச் சில நொடிகளில் எண்ணிவிடலாம்.

2003இல் வால்மார்ட் தன்னுடைய பெரிய சப்ளையர்கள் நூறு பேரை, 2005 தொடக்கத்துக்குள் சரக்குப் பெட்டிகளில் இதை ஒட்டி அனுப்பும்படி கேட்டது. 2005இல் இந்திய அரசு 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை இந்தக் கருவிகளுக்கு உரிமம் இல்லாமல் திறந்துவிட்டது. 2014இல் ஜாரா கடைகளை நடத்தும் இண்டிடெக்ஸ், தன் கடைத் துணிகளுக்கு இதைக் கொண்டுவருவதாக அறிவித்தது. ஆன்லைன் வியாபாரம் வந்ததும் தேவை இன்னும் கூடிவிட்டது. யாரோ ஒருவர் கைபேசியில் நீலக் கலர், நாற்பதாம் அளவு என்று பொத்தானை அழுத்தினால், அந்த ஒரு சட்டை எந்தக் கடையில், எந்தக் குடோனில், எந்த அடுக்கில் இருக்கிறது என்று கம்பெனிக்கு அந்த நொடியே தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் ஆர்டர் கேன்சல், காசு நஷ்டம். பிறகு குடோனில் இருக்கிற பிரின்டர் வாங்குபவர் பெயர், விலாசம், ஆர்டர் எண் எல்லாம் போட்டு லேபிளைத் துப்புகிறது. பார்சல் கை மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் அந்த லேபிள் படிக்கப்படுகிறது.

ஆக, ஒரு சட்டை காணாமல் போனால் கம்பெனிக்குத் தெரிந்துவிடும். எங்கே, எப்போது, எந்த வாசலைத் தாண்டிப் போனது என்றுகூடத் தெரிந்துவிடும். அந்தச் சட்டையைத் தைத்த பெண் காணாமல் போனால்?

இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் இவ்வளவு நீட்டி முழக்க வேண்டியிருந்தது.

*

டேக் எங்கே மாட்டப்படுகிறது? கடையில் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இல்லை. ஏற்றுமதி கம்பெனியிலேயே, பிசிறு வெட்டி, செக்கிங் முடிந்து, அயர்ன் போட்டு, பேக்கிங்குக்குப் போகிற இடத்தில் மாட்டுகிறார்கள். டேக்கை எங்கே வாங்குவது என்பதைக்கூட பிராண்டுக்காரன்தான் முடிவு செய்கிறான். அவன் சொல்கிற லேபிள் கம்பெனியில் எண் பதித்து வாங்கி, அவன் சொல்கிற இடத்தில் மாட்ட வேண்டும். ஒரு எண் மாறினால் பெட்டியே திரும்பிவிடும். மாட்டுகிற கை யாருடையது? பவர் டேபிளில் உட்கார்ந்து தைப்பவர்களுக்காவது தையல்காரர் என்று ஒரு மரியாதை இருக்கிறது. பிசிறு வெட்டுவதும், அடுக்குவதும், டேக் மாட்டுவதும் 'ஹெல்பர்' வேலை. குறைந்த கூலி. பெண்கள் வேலை. அதிலும் நம்ம பெண்கள் எத்தனை பேர் என்று ஒரு ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது நின்று பார்த்தால் தெரியும்.

அவள் கையால் சட்டைக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் கிடைக்கிறது. அவளுக்குப் பல இடங்களில் நியமனக் கடிதம்கூடக் கிடையாது. தையல் தொழிலுக்கு 2014இல் தமிழக அரசு உயர்த்திய குறைந்தபட்சக் கூலியை எதிர்த்து முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்தால் போதுமா? நிலுவையைக் கேட்டுப் போனால், 'நீ எந்த மாசம் இங்க வேலை பார்த்தே, அத்தாட்சி எங்கே?' என்று கேட்டால் காண்ட்ராக்டர் கூட்டி வந்த பெண் எதைக் காட்டுவாள்? சட்டைக்கு இருக்கிற அத்தாட்சி அவளுக்கு இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டேக்கில் பதிகிற எண்ணுக்கு உலக அளவில் ஒரு இலக்கணம் இருக்கிறது. அதில் மூன்று விவரம். எந்தக் கம்பெனியின் சரக்கு, என்ன சரக்கு, அதில் இது எத்தனையாவது. கம்பெனி என்றால் பிராண்டுக் கம்பெனி. தைத்த ஆலை அந்த எண்ணில் இல்லை. வெளியே அச்சடித்த லேபிளைப் பார்த்தாலும் பல துணிகளில் 'மார்க்கெட்டட் பை' என்று பெருநகரத்து ஆபீஸ் விலாசம்தான் இருக்கும். தைத்த ஊர் இருக்காது. ஆனால் எந்த ஆர்டரை எந்த ஆலைக்குக் கொடுத்தோம், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை அங்கே போனது என்பதெல்லாம் பிராண்டுக்காரன் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. இல்லாவிட்டால் அவன் யாருக்குப் பணம் கொடுப்பான், டேமேஜ் வந்தால் யாரிடம் பிடிப்பான்?

தெரியாமல் இல்லை. நமக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

*

லேபிள் சாட்சி சொன்ன வரலாறு உண்டு. வங்கதேசத்தில் 2012 நவம்பர் 24 அன்று தஸ்ரீன் ஆலை எரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். எரிந்த ஆலைக்குள் தொழிலாளர் அமைப்பினர் போய்த் தேடியபோது வால்மார்ட் விற்கிற துணியின் லேபிள் கிடைத்தது. வால்மார்ட் என்ன சொன்னது? எங்களுக்குத் தெரியாமல் சப்ளையர் அங்கே கொடுத்துவிட்டார் என்றது. ஐந்து மாதம் கழித்து 2013 ஏப்ரல் 24, ராணா பிளாசா கட்டிடம் இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். அங்கேயும் இடிபாட்டுக்குள்ளிருந்து பொறுக்கி எடுத்த லேபிள்களை வைத்துத்தான் எந்தெந்தப் பிராண்டுக்கு அங்கே தைத்தார்கள் என்று உலகத்துக்குக் காட்ட முடிந்தது. பிணத்தோடு சேர்த்து லேபிளையும் பொறுக்கினார்கள். அதற்குப் பிறகுதான் பிராண்டுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தம் 2013 மே மாதத்தில் அங்கே வந்தது. அந்த லேபிள் ஒவ்வொன்றும் 'எங்களுக்குத் தெரியாது' என்ற பேச்சை உடைத்த கல்.

நம்ம ஊருக்கு வருவோம். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூல் மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்தது. பேரைப் பாருங்கள், எவ்வளவு மங்களகரமாக வைத்தார்கள். ஏழைக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளை மூன்று வருஷம் மில் விடுதியில் அடைத்து வைத்து வேலை வாங்குவது. முடிவில் கல்யாணச் செலவுக்கு என்று மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்வது. நடுவில் உடம்பு முடியாமல் போனாலோ ஓடி வந்தாலோ அந்தத் தொகை இல்லை. வரதட்சணை என்ற இழிவைக் காட்டியே உழைப்பைப் பூட்டி வைத்தார்கள். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டு, இந்த நூல் எந்தெந்தப் பிராண்டுக்குப் போகிறது என்று காட்டிய பிறகுதான் வெளிநாட்டுக் கம்பெனிகள் அதிர்ச்சி அடைந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டன. சேரியில் அதற்கு முன்பே பிள்ளையைத் தேடிக்கொண்டு மில் கேட்டில் நின்ற தாய்மார்களுக்கு அதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அந்த ஆலையின் சூப்பர்வைசர் கைதானார். பல மாதமாக அவர் தொல்லை கொடுத்து வந்ததாகக் குடும்பத்தார் சொன்னார்கள். ஆலையின் பெயர் நாச்சி அப்பேரல், ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. அது தைத்துக் கொடுத்தது ஹெச் அண்ட் எம் என்ற பிராண்டுக்கு. அந்த ஆலையிலிருந்து கிளம்புகிற சரக்கை உலகத்தின் மறுகோடி வரை கணக்கு வைத்துத் தொடர முடிந்தது. ஆலைக்குள் ஒரு பெண் மாதக்கணக்கில் எதைத் தாங்கிக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

அது ஏறியது எப்படி? தலித் பெண்கள் முன்னின்று நடத்துகிற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடியது. ஆசிய அளவிலும் அமெரிக்காவிலும் இருக்கிற தொழிலாளர் அமைப்புகள் சேர்ந்துகொண்டன. 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகமும் பிராண்டும் கையெழுத்துப் போட்டன. பாலியல் கொடுமையோடு சாதிக் கொடுமையையும் பெயர் சொல்லி எழுதிய ஒப்பந்தம் அது. தொழிலாளர் மத்தியிலிருந்தே தையல் தளத்தில் கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். கண்காணிப்பு என்றால் பீஸ் எண்ணுகிற கண்காணிப்பு அல்ல. எவன் கை வைக்கிறான், எவன் சாதி சொல்லித் திட்டுகிறான் என்று பார்க்கிற கண்காணிப்பு.

அதே 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்புக்கான அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி அந்த ஆலையின் சரக்கைத் துறைமுகத்தில் நிறுத்த உத்தரவிட்டது. ஒப்பந்தப்படி நிலைமை மாறியிருப்பதற்கு ஆதாரம் காட்டிய பிறகு செப்டம்பரில் தடை நீங்கியது. இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒரு அரசு நினைத்தால், எந்தப் பெட்டி எந்த ஆலையிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்துக் கப்பலோடு நிறுத்த முடிகிறது. அந்தத் தடையை நீக்க ஆலைக்குள் சங்கம் இருப்பதே ஆதாரமாக நிற்க முடிகிறது. எந்தச் சரக்கு எங்கே தைத்தது என்ற கணக்கு, சங்கத்தின் கைக்கு வரும்போது ஆயுதம் ஆகிறது.

*

இதே டேக் மனிதர் மேல் ஏறும்போது என்ன ஆகிறது என்பதையும் பேச வேண்டும்.

பேஷ்வாக்கள் ஆட்சியில் தீண்டப்படாதவர் மணிக்கட்டிலோ கழுத்திலோ கறுப்புக் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும் என்ற விதி இருந்ததை 1936இல் அம்பேத்கர் எடுத்துக் காட்டினார். தெரியாமல் தொட்டுத் தீட்டுப்படாமல் சாதி இந்துவைக் காப்பாற்றுவதற்காம். பார்ப்பனியம் நம் உடம்பில் கட்டிய டேக் அது. தூரத்திலிருந்தே படிக்க வேண்டும், தொடாமலே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அதன் நோக்கமும்.

இன்று? தூய்மைப் பணியாளர் கையில் ஜிபிஎஸ் கடிகாரம். நாக்பூரில், சண்டிகரில், பஞ்ச்குலாவில் கட்டினார்கள். எத்தனை நிமிடம் நின்றாய், எந்தத் தெருவை விட்டு விலகினாய் என்று ஆபீசில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். கழிவறைக்குப் போனாலும் பதிவாகிறது என்று பெண் பணியாளர்கள் கூசினார்கள், போராடினார்கள். 1956இல் லட்சக்கணக்கானோர் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவிய அதே நாக்பூரில், மணிக்கட்டுக் கயிறு வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது. எந்த மாநகராட்சி இன்ஜினியர் கையில் அந்தக் கடிகாரத்தைக் கட்டினார்கள்? எந்தச் செயலர், எந்த மேயர் கட்டிக்கொண்டார்? மலக்குழியில் ஆள் இறங்கிச் சாகும்போது அந்தக் கடிகாரம் ஏன் யாரையும் எழுப்பவில்லை?

ஆலையிலும் குடோனிலும் இதே கதைதான். பல கம்பெனிகளில் துணிக்கட்டோடு ஒரு கார்டு வருகிறது. மெஷினில் உட்காருகிறவர் அதைத் தொட்டுவிட்டுத் தைக்க வேண்டும். மணிக்கு எத்தனை பீஸ் என்று திரையில் ஓடும். டார்கெட் குறைந்தால் திட்டு. திட்டுகிறவன் வாயில் எதிரே உட்கார்ந்திருப்பவள் சாதி எப்படி வரும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2024இல் ஹரியானாவின் மானேசரில் அமேசான் குடோன் தொழிலாளர்களை, ஆறு லாரிச் சரக்கை இறக்கி முடிக்கும் வரை தண்ணீர் குடிக்கவோ கழிவறைக்கோ போக மாட்டோம் என்று உறுதிமொழி எடுக்க வைத்ததாகச் செய்தி வந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. பார்சலில் ஒட்டிய லேபிள் நேரத்துக்கு வாசலைத் தாண்ட வேண்டும், அதற்காக மனிதரின் மூத்திரப்பையும் கணக்கில் வருகிறது.

ஆக, சரக்கைப் பற்றி எல்லாம் தெரிய வேண்டும், அது முதலாளிக்குப் பாதுகாப்பு. உழைப்பவரின் ஒவ்வொரு நிமிடமும் தெரிய வேண்டும், அதுவும் முதலாளிக்குப் பாதுகாப்பு. உழைப்பவருக்கு மட்டும் எதுவும் தெரியக்கூடாது. எந்தப் பிராண்டுக்குத் தைக்கிறோம், அது என்ன விலைக்கு விற்கிறது, புகாரை யாரிடம் சொல்வது, ஒன்றும் தெரியக்கூடாது. படிக்கிறவன் ஒருவன், படிக்கப்படுகிறவன் ஒருவன் என்று பிரித்து வைப்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. வேதம் ஓதக் கூடாது என்றவன் வாரிசுக்கு இது பழகின ஏற்பாடு.

*

இந்த இடத்தில் தோழர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள்.

ஒரு சாரார், 'இதெல்லாம் பன்னாட்டு மூலதனத்தின் கருவி, இதை எதிர்க்க வேண்டும், இதற்குள் போய் என்ன கேட்பது?' என்கிறார்கள். ரயில் வந்தபோதும் இப்படி ஒதுங்கியிருந்தால் நாம் எங்கே இருந்திருப்போம்? மில்லும் ரயிலும் சாதியை ஒழிக்கவில்லை, உண்மைதான். ஆனால் அவற்றுக்குள் நுழைந்து சங்கம் கட்டியவர்கள்தான் எட்டு மணி நேர வேலையைப் பேச முடிந்தது. ஒப்புக்கொள்வதா, ஒதுக்குவதா என்பது கேள்வியே இல்லை. கருவி யாருக்குப் பதில் சொல்லும் என்பதுதான் கேள்வி.

இன்னொரு சாரார், பெரும்பாலும் கணினி படித்த நம் மாணவர்கள், வேறு மாதிரி சொல்கிறார்கள். 'ஆன்லைன்ல யார் விக்கிறான்னு யாருக்கும் தெரியாது. கடைத்தெருவுல நமக்குக் கடை கிடைக்காது. ஒரு பிரின்டரும் கைபேசியும் இருந்தா யார் வேணும்னாலும் விக்கலாம். சாதி அங்க செல்லாது.' இதில் பாதி உண்மை இருக்கிறது. சாதித் தெருவில் வாடகைக்குக் கடை கிடைக்காத இளைஞனுக்கு இது ஒரு வழிதான், அதை நாம் ஏளனம் செய்யக் கூடாது. ஆனால் லேபிளைக் கொஞ்சம் பாருங்கள். ஊறுகாய், மசாலாப் பொடியில் பிராமணர் பெயரும் ஐயர் பெயரும் தரச் சான்றிதழ் மாதிரி அச்சாகின்றன. அந்தப் பெயரே அங்கே பிராண்டு. 2016இல் சந்திரபான் பிரசாத் 'தலித் ஃபுட்ஸ்' என்று வெளிப்படையாகப் பெயர் வைத்து இணையத்தில் மசாலாவும் ஊறுகாயும் விற்கத் தொடங்கியது ஒரு சவால். அது சவாலாகத் தெரிந்ததே போதும், லேபிளுக்குச் சாதி இருக்கிறது என்பதற்கு. சாதி செல்லாத சந்தையில் அந்தப் பெயருக்கு என்ன அதிர்ச்சி?

வாங்குகிற பக்கத்திலும் அப்படித்தான். பார்சல் லேபிளில் இருக்கிற விலாசம் எத்தனை பேருக்கு 'காலனி'யில் முடிகிறது? அந்தச் சொல் ஒரு தெருவின் பெயராக மட்டுமா படிக்கப்படுகிறது? 2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். விலாசம் சாதியைச் சொல்கிறது என்பதை அரசே ஒப்புக்கொண்ட நாள் அது.

அதனால்தான் 'தைத்தவர் பெயரை லேபிளில் போடு' என்று சிலர் சுலபமாகச் சொல்லும்போது எனக்கு உடன்பாடு இல்லை. 2024 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் காவடி யாத்திரைப் பாதையில் இருந்த சாப்பாட்டுக் கடைக்காரர்கள் எல்லோரும் பெயர்ப்பலகை வைக்க வேண்டும் என்று முசாபர்நகர் போலீஸ் கட்டளையிட்டது. நுகர்வோருக்குத் தகவல் என்றுதான் அதற்கும் பேர் வைத்தார்கள். முஸ்லிம் கடையையும் தலித் கடையையும் பேரைப் பார்த்துத் தாண்டிப் போகட்டும் என்பதுதான் அதன் உள்ளடக்கம். ஜூலை 22 அன்று உச்சநீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. சாதிச் சமூகத்தில் உழைப்பவர் பெயரை ஊருக்கெல்லாம் காட்டுவது அவருக்குப் பெருமை தராது, தீட்டுப் பட்டியலாகத்தான் முடியும். நமக்கு வேண்டியது அவள் பெயர் அல்ல. அவள் வேலை செய்யும் ஆலையின் பெயர், அந்த ஆலையின் நடத்தை. வெளிச்சம் மேலே இருப்பவன் மேல் விழட்டும், கீழே இருப்பவள் மேல் வேண்டாம்.

*

இதைப் பேசுவதற்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. 2024 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன்படி அங்கே விற்கிற பொருட்களுக்குப் படிப்படியாக 'டிஜிட்டல் பாஸ்போர்ட்' வர இருக்கிறது. துணி முதல் வரிசையில் இருக்கிறது. சட்டையில் இருக்கிற கோடையோ டேக்கையோ படித்தால் என்ன நூல், என்ன ரசாயனம், மறுசுழற்சிக்கு ஆகுமா என்றெல்லாம் தெரியும். நல்லதுதான், நொய்யலைச் சாயம் கொன்றதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். ஆனால் அந்தச் சட்டத்தின் அக்கறை சுற்றுச்சூழலோடு நிற்கிறது. கூலி, சங்கம், சாதிக் கொடுமை பற்றி அந்தப் பாஸ்போர்ட் வாய் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சட்டைக்குப் பாஸ்போர்ட் வரப் போகிறது, அதில் மனிதர் இருக்க மாட்டார்.

அதே ஒன்றியம் கட்டாய உழைப்பில் செய்த பொருளை விற்கத் தடை போடும் சட்டத்தையும் 2024 இறுதியில் நிறைவேற்றியது. 2027 டிசம்பர் 14 முதல் அது செயல்படும். திருப்பூர் முதலாளிகள் சங்கங்கள் இவற்றுக்கெல்லாம் ஆள் வைத்துப் படிக்கும். டெல்லிக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் மனு போகும். நம் பக்கத்திலிருந்து யார் படிக்கிறோம்? விதி எழுதி முடித்த பிறகு வாசலில் நின்று கோஷம் போடுவதைவிட, எழுதும்போதே உள்ளே நுழைய வேண்டும்.

நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் என்று எனக்குத் தோன்றுபவை:

ஒன்று. கடையிலும் ஆன்லைனிலும் விற்கிற ஒவ்வொரு துணியின் லேபிளிலும் தைத்த ஆலையின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும். விற்பவன் விலாசம் மட்டும் போதாது. காண்ட்ராக்டுக்குக் கொடுத்திருந்தால் அந்த யூனிட்டின் பெயரும் வேண்டும்.

இரண்டு. பாஸ்போர்ட்டோ டேக்கோ எதுவானாலும், அந்த ஆலையில் குறைந்தபட்சக் கூலி தரப்படுகிறதா, சங்கம் உண்டா, பாலியல், சாதிப் புகார்களைக் கேட்கும் குழு உண்டா என்ற விவரம் அதில் சேர வேண்டும். அந்த விவரத்தை எழுதுவது முதலாளி அல்ல, தொழிலாளர் சங்கம் ஒப்ப வேண்டும்.

மூன்று. பீஸ் எண்ணுகிற கணக்கு தொழிலாளிக்கும் சொந்தம். தான் தைத்தது எத்தனை, எத்தனை மணி நேரம், எந்த பிராண்டுக்கு என்ற கணக்கின் நகல் கூலியோடு அவள் கைக்கு வர வேண்டும். கோர்ட்டில் அவள் காட்டுவதற்கு அத்தாட்சி அது.

நான்கு. மனித உடம்பில் டேக் கூடாது. தூய்மைப் பணியாளர் கையில் இருக்கிற ஜிபிஎஸ் கடிகாரத்தைக் கழற்று. மாநகராட்சிக்குக் கணக்கு வேண்டுமானால் வண்டியில் மாட்டட்டும், குப்பைத் தொட்டியில் மாட்டட்டும்.

ஐந்து. தொழிலாளர் பெயர், சாதி, விலாசம் எந்த லேபிளிலும் வெளியே தெரியக் கூடாது.

கோரிக்கை எழுதினால் மட்டும் நடந்துவிடாது. மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, கம்பெனிக்குப் போகிற உங்கள் அக்காவிடம், சித்தியிடம், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேளுங்கள். இந்த வாரம் என்ன லேபிள் அடிச்சீங்க? என்ன பேரு போட்டிருந்துச்சு? பெட்டி மேல என்ன நம்பர்? கம்பெனி பெயர், பிராண்டு பெயர், மாதம், இந்த மூன்றும் போதும். அவர்களுக்கு வேலை போகிற மாதிரி டேக்கைத் தூக்கி வரச் சொல்லாதீர்கள், படம் எடுக்கச் சொல்லாதீர்கள், சொன்ன பெயரை எழுதி வையுங்கள். சொன்னவர் பெயரை எழுத வேண்டாம். மாவட்டத்துக்கு ஒரு நோட்டு. கடைக்குப் போனால் லேபிளைப் படியுங்கள், அதையும் எழுதுங்கள். வங்கதேசத்தில் இடிபாட்டுக்குள் தேடி எடுத்ததை நாம் இடிவதற்கு முன்பே சேர்த்து வைப்போம்.

இரட்டைக் குவளைப் பட்டியலும் அப்படித்தான் தொடங்கியது. யாரோ நாலு பேர் சைக்கிளில் போய் ஊர் ஊராகக் கேட்டு எழுதினார்கள். பிறகுதான் அது வழக்கானது, போராட்டமானது. நோட்டை வாங்கிவிட்டுச் சொல்லுங்கள், அடுத்த இதழில் மாவட்ட வாரியாக எழுதத் தொடங்குவோம்.